விரால் வயிற்றில் சிம்புன்

கெளுத்தி மீனைக் கழுவிக் கவிழ்த்தபோது அதன் வெள்ளை வயிற்றில் லமியாங் தன் புருஷனின் முகத்தைப் பார்த்தாள். புருஷன் சிம்புன் அப்போது உயிரோடுதான் இருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து பிரம்புக் குருத்துக் குழம்பை ஊற்றிச் சோறு தின்றுகொண்டிருந்தான். மீனில் இருந்த முகம் கோழிமுட்டை அளவு இருக்கும். இடது புருவத்தைக் குறுக்கே வெட்டிப்போகும் தழும்பு, முன்பல்லின் இடுக்கு, எண்ணெயே காணாத பரட்டைத் தலை என்று எதுவும் விட்டுப்போகவில்லை. அவள் துடைத்துப் பார்த்தாள். கல்லுப்பைப் போட்டுத் தேய்த்துப் பார்த்தாள். முகம் இன்னும் பளிச்சென்று ஆனதுதான் மிச்சம்.

“சேலி அப்பா, கொஞ்சம் இங்க வாங்க. இந்த மீன்ல நீங்க இருக்கீங்க.”

சிம்புன் தட்டோடு எழுந்து வந்து குனிந்து பார்த்தான். “ஆமா, நான்தான்” என்றான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “தலையாவது சீவியிருந்திருப்பேன். சொல்லாம கொள்ளாம படம் புடிச்சிருக்கான் பாரு” என்று சலித்துக்கொண்டு போய் மறுபடி சோற்றில் கை வைத்தான்.

தும்பாங் ரஹாவ் ஊரில் இதை யாரும் பெரிய அதிசயமாகத் தூக்கிவைத்து ஆடவில்லை. கலிமந்தானின் ஆற்றோரத்தில் பிறந்தவர்களுக்கு ஆறு எதையாவது கொண்டுவந்து தள்ளிக்கொண்டே இருக்கும் என்று தெரியும். காரணமும் சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. ஊருக்குச் சற்று மேலே ரஹாவ் ஆற்றில் பொன் அரிக்கும் தெப்பம் ஒன்று நின்றது. சிம்புனும் அவன் கூட்டாளி யாண்டுங்கும் இன்னும் சிலரும் சேர்ந்து போட்டது. இயந்திரம் ஆற்றின் அடிமணலை உறிஞ்சி எடுக்கும். அந்த மணலில் பாதரசத்தை ஊற்றிப் பிசைந்தால் பொன்துகள் அதில் ஒட்டிக்கொள்ளும், மீதி ஆற்றோடு போகும். ஊற்றுகிற வேலை எப்போதும் சிம்புனுடையது. அவனுக்குத்தான் கை நடுங்காது என்று மற்றவர்கள் அவனைப் புகழ்ந்தே அந்த வேலையில் உட்காரவைத்திருந்தார்கள். ஆற்றோடு போன பாதரசம் ஊருக்கு முன்னாலிருந்த ஆழமான மடுவில் சேறோடு சேறாகப் படிந்தது. எவன் கையால் அது ஆற்றில் விழுந்ததோ அவன் முகத்தை அது ஞாபகம் வைத்திருந்தது, அவ்வளவுதான் விஷயம். பொன்னைப் பங்கு போட்டுக்கொண்ட மற்ற எவன் முகமும் எந்த மீனிலும் வரவில்லை. யாண்டுங் இதைத் தன் நல்ல குணத்துக்குக் கிடைத்த சான்றாகவே எடுத்துக்கொண்டான்.

எல்லா மீனிலும் முகம் ஒரே மாதிரி விழவில்லை என்பதை முதலில் கவனித்தவர்கள் மீன் அறுக்கிற பெண்கள். பாசியை மேய்கிற சின்னக் கெண்டைகளில் ஒன்றும் இருக்காது, மிஞ்சிப்போனால் ஒரு புருவத்தின் நிழல் இருக்கும். கெண்டையைத் தின்னும் கெளுத்தியில் மூக்கும் வாயும் வந்துவிடும். கெளுத்தியையே விழுங்குகிற விராலிலும் வாளையிலும் சிம்புன் மொத்தமாக இருப்பான், கண்ணிமை மயிர்கூட எண்ணலாம். தினமும் பார்க்கிறவன் முகத்தைக் கடித்துத் தின்ன மனம் வராமல், முகம் தெரியும் மீனை ஆற்றிலேயே விட்டுவிடுவது ஊரில் வழக்கமாயிற்று. “இன்னிக்கு என்ன மீனு?” என்று கேட்டால் “வெறும் புருவந்தான்” என்று பதில் வரும். ‘வெறும் புருவம்’ என்றால் குழந்தைகளுக்குக் கொடுக்கலாம் என்று பொருள்.

அதற்குள் ஆற்றில் வேறு சிலவும் நடந்துகொண்டிருந்தன. சேற்றை ஒட்டி வாழ்கிறவற்றுக்குத்தான் முதல் அடி. மடுவின் கரையில் காலால் துழாவினாலே அள்ளிக்கொள்ளும்படி கிடந்த நத்தைகள் ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு காலில் தட்டுப்படவில்லை. கிளிஞ்சல்களின் ஓடு ஊறின அப்பளமாக மெத்தென்று ஆயிற்று. விரால்கள் முட்டையிட்டன, ஆனால் பொரிந்து வந்த குஞ்சுகள் சுற்றிச் சுற்றி வந்து செத்தன. நீர்நாய் ஒன்று பட்டப்பகலில் லமியாங்கின் படித்துறையில் ஏறி, தன் முன்கால்கள் நடுங்குவதைத் தானே வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இதையெல்லாம் பார்த்த லமியாங்குக்கு இருப்புக் கொள்ளவில்லை. தெப்பத்தை விட்டுவிடச் சொல்லிப் புருஷனை நச்சரித்தாள். அவனும் விடுகிறேன், இந்த மழை முடியட்டும், அடுத்த வெயில் முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனான். கடைசியில் ஆறே விடவைத்தது. தெப்பத்தை மடுவுக்குக் கொண்டுவந்து நிறுத்தி, மணல் உறிஞ்சும் குழாயைப் பிடிக்க, காற்றுக்குழாயைக் கடித்துக்கொண்டு அவன் அடியில் இறங்கியிருந்தபோது கரை சரிந்து மடுவுக்குள் விழுந்தது. காற்றுக்குழாய் மட்டும் மேலே வந்தது. ஊர் முழுக்க முங்கித் தேடியும் உடல் கிடைக்கவில்லை. தெப்பத்தைப் பிரித்துப் பலகையை விறகுக்குப் போட்டுவிட்டு, கூட்டாளிகள் ரப்பர் தோப்புக்கும் மீன் வியாபாரத்துக்கும் திரும்பிப் போனார்கள்.

சிம்புன் செத்த பிறகு மீன்களில் அவன் இன்னும் தெளிவானான். லமியாங்குக்கு அது சித்திரவதையாக இருந்தது. காலையில் வலையைத் தூக்கினால் அவன். உப்பில் ஊறவைத்து வாடி போடலாம் என்று மீனைக் கவிழ்த்தால் அவன். அதே பரட்டைத் தலை, வாய் லேசாகத் திறந்து, ஏதோ கேட்க வந்து மறந்துபோன மாதிரி. எலும்பை எடுத்துக் கழுவி, தீவா என்ற சடங்கு எடுத்து, மேலுலகத்துக்கு வழியனுப்பாதவரை செத்தவன் வீட்டைச் சுற்றியேதான் அலைவான். அது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சிம்புனுக்கோ எடுத்துக் கழுவ எலும்பே இல்லை. அவள் படுப்பாள், எழுவாள், படித்துறைக்குப் போய் நிற்பாள், திரும்பி வருவாள். கீழ்ஊரிலிருந்து படகு போட்டு வந்த பெண்கள் வாளியில் ஒரு வாளை மீனைக் கொண்டுவந்து இறக்கி, “உன் வீட்டுக்காரர் எங்க வீட்டு அடுப்படி வரைக்கும் வந்துட்டாரு, புடி” என்று நக்கலடித்துவிட்டுப் போனார்கள். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். மீன் மூச்சுக்குத் தவிப்பதைப் பார்த்த பிறகு ஆற்றில் விட்டாள்.

அந்த ஆண்டு பலங்கா ராயா பட்டணத்திலிருந்து ஹெர்மா என்ற ஆராய்ச்சிக்காரப் பெண் வந்தாள். மடுவில் நீளக் குழாயை இறக்கிச் சேற்றை உருவி எடுத்துப் புட்டிகளில் அடைத்துக்கொண்டு போனாள். சில மாதம் கழித்து, சொல்லிவிட்டுப் போவதற்காகவே மறுபடி வந்தாள்.

“அக்கா, தண்ணி தெளிஞ்சிருச்சு. சேறு தெளியல. சேத்துல இருக்கறது புழுவுக்குப் போகுது, அதத் தின்ன சின்ன மீனுக்குப் போகுது, அதத் தின்ன விராலுக்கு மொத்தமாப் போய்ச் சேருது. பெரிய மீனப் புள்ளைக்குக் குடுக்காதீங்க.”

“அதத்தான் எங்க வீட்டுக்காரரு மூஞ்சியக் காட்டிச் சொல்லிக்கிட்டே இருக்காரே” என்றாள் லமியாங்.

ஹெர்மா சிரிக்கவில்லை. ஒரு விராலைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, “இவரு இருக்கறவரைக்கும் உங்களுக்கு நான் தேவையில்லக்கா” என்று சொல்லிப் படகேறினாள்.

தீவா எடுக்கலாம் என்ற யோசனையைக் கிளப்பியவன் யாண்டுங். அவன் மீன் வியாபாரம் படுத்துக் கிடந்தது. பட்டணத்துச் சந்தையில் மனிதமுகம் போட்ட விராலை எவனும் சீண்டவில்லை. ஆனால் அதை மட்டுமே காரணமாகச் சொன்னால் அவனுக்கு அநியாயம் செய்ததாகும். கூட்டாளி வழி தெரியாமல் அலைகிறானே என்ற வருத்தம் அவனுக்கு நிஜமாகவே இருந்தது. “எலும்பு இல்லன்னு யாரு சொன்னது? அவன் இருக்கற மீனோட எலும்பு அவன் எலும்புதானே?” என்று பூசாரி சாலினிடம் போய்க் கேட்டான். பூசாரி வெற்றிலையை மென்றபடி யோசித்தார். மூதாதையர் பாடல்களில் இப்படி ஒன்று வரவில்லை. கூடாது என்றும் எங்கும் வரவில்லை. லமியாங் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் சரியென்று தலையை ஆட்டியதும் அவள் வலையை எடுக்க வீட்டுக்கு ஓடினாள்.

அது நல்ல தீவா. யாண்டுங் எருமை கொடுத்தான், ஊர் பன்றியும் அரிசியும் கொடுத்தது. முகம் முழுதாக விழுந்த விரால்களாகப் பார்த்துப் பிடித்து, சதையைக் களைந்து, முள்ளையும் மண்டையோட்டையும் தேங்காய்த் தண்ணீரில் கழுவினார்கள். வழியனுப்பும்போது செத்தவனுக்குத் தலைவாரிவிடுவது வழக்கம். வார இங்கே என்ன இருக்கிறது? ஆனாலும் லமியாங் எலும்புக் குவியலுக்கு மேலே எண்ணெய் தடவிய சீப்பைப் பிடித்து, காற்றிலேயே வகிடு எடுத்து வாரினாள். யாரும் சிரிக்கவில்லை. பூசாரிகள் மத்தளம் கொட்டி, வளம் கொழிக்கும் மேலுலகத்துக்கு அவனை ஒவ்வொரு ஆறாகக் கடத்திக் கூட்டிப்போய்ச் சேர்த்தார்கள். எலும்பைக் கால் நட்ட சின்ன மரவீட்டில், சந்துங்கில், வைத்து மூடினார்கள். மறுநாள் வலையைத் தூக்கினால் ஒரு மீனிலும் முகமில்லை. வெள்ளை வெளேரென்று வெறும் வயிறு. ஊர் கைதட்டியது. லமியாங் வருஷக்கணக்கில் தூங்காத தூக்கத்தையெல்லாம் சேர்த்துத் தூங்கினாள்.

அதன் பிறகு ஊர் தின்ற தீனி இருக்கிறதே! இத்தனை காலம் தொடாமல் விட்ட விரால்கள் தொடைகனம் வளர்ந்து கிடந்தன. வறுவல், புளிக்குழம்பு, மூங்கிலில் சுட்டது என்று வீட்டுக்கு வீடு மணத்தது. யாண்டுங்கின் படகு நிறையப் போய்க் காலியாக வந்தது. ஹெர்மா இன்னொரு தடவை வந்து சேற்றை எடுத்துப் போய்ப் பார்த்துவிட்டு, கைகூப்பாத குறையாகச் சொன்னாள். “அப்படியேதான் இருக்கு, கொஞ்சங்கூடக் கொறையல.” ஊர் அவளுக்கும் ஒரு தட்டு விரால் வறுவல் வைத்தது. முகமே போய்விட்டதே, இன்னும் என்ன இருக்கிறது என்று அவளைப் பரிதாபமாகப் பார்த்தது. அவள் தட்டைத் தொடாமல் எழுந்துபோனதை மரியாதைக் குறைவு என்று பேசிக்கொண்டார்கள். லமியாங்கும்தான் பேசினாள். அவள் மகள் சேலிக்கு விரால் தலை என்றால் உயிர். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், இனி பயமில்லை என்று சொல்லித் தாயே பிய்த்து ஊட்டினாள்.

சேலி ஒரு நாள் காலையில் பள்ளிக்கூடச் சட்டையைப் போட்டுக்கொண்டு பொத்தான் போட முடியாமல் நின்றாள். சோம்பேறி என்று தாய் திட்டினாள். மறுநாளும் முடியவில்லை. விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்கிறது என்றாள். தம்ளரைப் பிடித்தால் தண்ணீர் வாய்க்குப் போய்ச் சேரும்முன் பாதி சட்டையில் இருந்தது. ஓட்டத்தில் எல்லோரையும் ஜெயிக்கிற பெண் சமதரையில் தடுக்கி விழுந்தாள். லமியாங் அந்தச் சின்னக் கைகளைத் தன் கைக்குள் பொத்திப் பிடித்தாள். உள்ளே அவை சிட்டுக்குருவியாகத் துடித்தன. படித்துறையில் உட்கார்ந்து தன் கால்களைத் தானே வேடிக்கை பார்த்த நீர்நாய் அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. ஆறு அப்படியேதான் இருந்தது. அது பேசிக்கொண்டிருந்த வாயைத்தான் அவள் சீவிச் சிங்காரித்து அனுப்பிவைத்துவிட்டாள்.

சேலியைப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் காட்டினாள். மீனை நிறுத்துங்கள், கை மெல்லத் தேறும், முழுசாகத் தேறுமா என்று சொல்ல முடியாது என்றார்கள். ஊருக்குத் திரும்பி வீடு வீடாகப் போய் விராலைத் தின்னாதீர்கள் என்றாள். எந்த விராலை என்று கேட்டார்கள். எல்லா மீனும் ஒரே வெள்ளையாக இருக்கும்போது அவள் எதைக் காட்டுவாள்? புருஷன் போன துக்கம், பாவம், என்றார்கள். அவள் முற்றத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நடந்துகொண்டே இருந்தாள். பிறகு பூசாரி சாலின் வீட்டுக்குப் போய், சிம்புனைத் திரும்பக் கூட்டிவர வேண்டும் என்று சொன்னாள். சேதி பரவி, அவள் பேசி முடிப்பதற்குள் யாண்டுங் மூச்சிரைக்க வந்துவிட்டான்.

“அனுப்பி வச்ச மனுஷன இழுத்துட்டு வர்றதா? ஊரே பாழாப் போயிரும், சேலி அம்மா!”

“ஊரு ஏற்கெனவே பாழாத்தாண்ணே கெடக்கு. அவரு ஒருத்தருதான் அதச் சொல்லிக்கிட்டிருந்தாரு. மத்தளம் அடிச்சு அவரு வாயையும் அடைச்சிட்டோம்.”

“எருமை நான் குடுத்தது. அத ஞாபகம் வச்சுக்கிட்டுப் பேசு.”

“எருமை உங்களுது. பாதரசமும் பாதி உங்களுது. ஊத்தற கையி மட்டும் அவருது. உங்க மூஞ்சி ஏன் ஒரு மீன்லயும் வரலன்னு என்னிக்காவது வெக்கப்பட்டிருக்கீங்களா?”

யாண்டுங் வீட்டிலும் ஒரு கைக்குழந்தை இருந்தது, தலை நிற்க வேண்டிய மாதம் தாண்டியும் நிற்காமல். அதை யாரிடமும் அவன் சொல்லியிருக்கவில்லை. இப்போதும் சொல்லவில்லை. திண்டாட்டத்தோடு பூசாரியைப் பார்த்தான்.

பூசாரிக்கும் முகம் செத்துப்போயிருந்தது. “சந்துங்கைத் தெறக்கறது பெரிய தீட்டும்மா” என்றார். “பன்னி அறுத்து, கோழி அறுத்து மூதாதைங்ககிட்ட மன்னிப்பு கேட்டுக்கலாம். அது இல்ல பிரச்சன. ஒரு மனுஷனுக்கு மேலுலகத்து வழி ஒரு தடவதான் தெறக்கும். இப்பக் கூப்பிட்டா மறுபடி அனுப்ப என்னால ஆகாது. சேறு என்னிக்குத் தெளியுதோ அன்னிக்கு அவனாத்தான் போகணும். அதுக்கு முன்னால நீ போயிட்டா, அங்க உன்னக் கூப்பிட யாரும் நிக்கமாட்டாங்க. நல்லா யோசிச்சுக்க.”

லமியாங் யோசித்தாள். சிம்புன் மேலுலகத்து மாடிவீட்டில் உட்கார்ந்து சுகமாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பதை நினைத்தாள். வாழ்ந்த காலத்தில் அவனுக்கு அப்படி ஒரு வேளைச் சோறு நிம்மதியாக வாய்த்ததில்லை. பிறகு, வாசலில் கால் தடுக்கி விழுந்துவிடக் கூடாதென்று கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற சேலியைப் பார்த்தாள்.

“அனுப்பி வச்சது நான்தானே? கூப்பிடறதும் நானே கூப்பிட்டுக்கறேன்” என்றாள்.

ஊர் மொத்தமும் கூடி நின்ற நல்ல வெயிலில் அது நடந்தது. பன்றியை யாண்டுங் தானாகவே ஓட்டிக்கொண்டு வந்து கட்டினான். லமியாங் ஏணியில் ஏறிச் சந்துங்கின் கதவைத் திறந்து எலும்பை மடியில் அள்ளிக்கொண்டாள். படகில் மடுவின் நடுவுக்குப் போனாள். “சேலி அப்பா, மன்னிச்சுக்கங்க. சாப்பாட்டுல இருந்து எழுப்பறேன். புள்ளைக்குக் கை நடுங்குது. நீங்க வந்தாத்தான் ஆகும்” என்று சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் விட்டாள். முள்ளெல்லாம் மிதக்காமல் கல்லாக இறங்கியது. அன்றைக்கும் மறுநாளும் ஒன்றும் நடக்கவில்லை. அவள் வலையை இறக்குவதும் தூக்குவதுமாக நிலைகொள்ளாமல் திரிந்தாள். வெறும் வயிறு, வெறும் வயிறு. வரமாட்டார், எவன்தான் வருவான் என்று ஊர் பேசியது. அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. சில நாள் கழித்து ஒரு காலையில், கீழ்ஊர்க்காரிகளின் படகு வந்து படித்துறையில் முட்டியது. வாளியில் ஒரு விரால்.

“உன் வீட்டுக்காரரு வந்துட்டாரு, புடி” என்றாள் ஒருத்தி. இந்தத் தடவை நக்கல் இல்லை.

லமியாங் விராலைக் கவிழ்த்தாள். சிம்புன் இருந்தான். புருவத்துத் தழும்பு இருந்தது, பல்லிடுக்கு இருந்தது. பாதி மென்ற கவளம் ஒரு கன்னத்தில் உப்பியிருந்தது, உதட்டோரம் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. தலை மட்டும் எண்ணெய் வைத்து, வகிடு எடுத்து, அவள் காற்றில் வாரிவிட்டபடியே படிந்து கிடந்தது. அவள் மீனைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு படித்துறை அதிர அழுதாள். சேலி தத்தித் தத்தி வந்து, நடுங்கும் விரலால் அந்தப் பருக்கையைத் துடைத்துவிடப் பார்த்தாள்.

அப்புறம் மழையும் வெயிலுமாகப் பல வருஷம் போய்விட்டது. தும்பாங் ரஹாவில் இப்போதும் மீனை அறுக்கும்முன் கவிழ்த்துப் பார்க்கிறார்கள். முகம் இருந்தால் சேலி அப்பாவுக்கு ஒரு வணக்கம் சொல்லி ஆற்றில் விட்டுவிடுகிறார்கள். யாண்டுங் மீன் வியாபாரத்தை விட்டு ரப்பரோடு நின்றுகொண்டான். ஹெர்மா வருஷத்துக்கு ஒரு தடவை வந்து சேற்றை எடுத்துப் போகிறாள், கொஞ்சம் குறைந்திருக்கிறது என்கிறாள். விரால்களைப் பார்த்தால் அது சரிதான் என்று தெரிகிறது, இமைமயிர் இப்போது அவ்வளவு துல்லியமில்லை. சேலிக்குக் கல்யாணம் ஆகி ஒரு பையன் இருக்கிறான். இன்றும் பொத்தான் வைத்த சட்டை அவள் போடுவதில்லை, மற்றபடி நன்றாகத்தான் இருக்கிறாள். லமியாங்குக்குத் தலை நரைத்துவிட்டது. தான் செத்தால் தீவா எடுக்க அவசரப்பட வேண்டாம், ஆறு தெளியட்டும், ரெண்டு பேரும் சேர்ந்தே போகிறோம் என்று பூசாரியின் மகனிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறாள். போன வாரம் அவள் வலையில் பெரிய விரால் ஒன்று விழுந்தது. அவள் வயசில் பாதியே ஆனவனாக, வாயில் கவளத்தோடு, அவன் அதில் இருந்தான். “இன்னுமா முழுங்கல?” என்று கேட்டுவிட்டு அவள் அதைத் தண்ணீரில் விட்டாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிரம்புக் குருத்து வெட்டக் கத்தியை எடுத்துக்கொண்டு தோப்புப் பக்கம் போனாள்.